காண்டா கம்பும் கரியில் சுட்ட மீனும்

1964 அக்டோபர் கடைசியில் எங்கள் தோட்டத்துக்குப் போர் வந்தது. செர்காமிலிருந்து உள்ளே தள்ளி, கித்தா மரங்களுக்கு நடுவே இருந்த தோட்டம். எனக்கு எட்டு வயது. மெர்லிமாவுக்கு அப்பால், மலாக்காவையும் ஜொகூரையும் பிரிக்கும் கீசாங் ஆற்று முகத்துவாரத்தில் 29ஆம் தேதி 52 இந்தோனேசியச் சிப்பாய்கள் படகில் வந்து இறங்கிவிட்டார்களாம். செய்தி லயத்துக்கு வந்து சேர்வதற்குள் 52 ஐந்நூறாகியிருந்தது. பெரட்டுக்களத்தில் ஆயிரம் என்றார்கள்.

தெரண்டாக் முகாமிலிருந்து போன ஆஸ்திரேலியப் பட்டாளம் அந்தச் சதுப்பைச் சுற்றி வளைத்ததில், வந்தவர்களில் பெரும்பாலோர் சீக்கிரமே பிடிபட்டார்கள். தாத்தாவுக்கு அது போதவில்லை. பால் வாளி சுமக்கும் காண்டா கம்பைத் தூக்கிக்கொண்டு கடற்கரைச் சாலை முனையில் ராக்காவலுக்கு நின்றார். கூட நாலு பேர், ஒரு அரிக்கேன் விளக்கு. சுமத்ரா அக்கரையிலிருந்து எவன் வந்தாலும் முதல் அடி தன்னுடையது என்று ஆத்தாவிடம் சொல்லியிருந்தார். பத்து நாள் காவலில் சிக்கியது ஒரே ஆள்: கள்ளுக்கடையிலிருந்து பிந்தி வந்த எங்கள் சித்தப்பா. "நான் சுகர்ணோ இல்லப்பா, உம் மவன்" என்று அவர் கத்தியதைத் தோட்டம் அடுத்த தீபாவளிவரை சொல்லிச் சிரித்தது.

தாத்தாவுக்கு எல்லாம் நேர்கோடு. நாம் நல்லவர்கள், அக்கரையில் இருப்பவன் கெட்டவன். 1958இல் சுமத்ராவில் ஜகார்த்தாவுக்கு எதிராகக் கலகம் செய்து தோற்றவர்களில் சிலருக்கு இந்தப் பக்கம் நிழல் கிடைத்ததையும், இந்தோனேசிய அதிபர் சுகர்ணோ அதை மறக்காததையும் நான் பிற்பாடு படித்துத்தான் தெரிந்துகொண்டேன். 1963 ஜனவரியில் கொன்ஃபிரன்தாசி, அதாவது மோதல், என்று இந்தோனேசியா அறிவித்தபோது, மலேசியா என்ற நாடே இன்னும் பிறக்கவில்லை. சண்டை முந்திக்கொண்டது.

தாத்தாவுக்கு எல்லையும் காவலும் புதிதில்லை. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலத்தில் முள்வேலிக்குள் அரிசி அளந்து வாங்கிய மனுஷன். 1953 செப்டம்பரில் முதல் 'வெள்ளைப் பகுதி' என்று கட்டுப்பாடு தளர்த்தியது எங்கள் மலாக்காவில்தான். அதைத் தானே வாங்கித் தந்ததுபோல் சொல்லிக்கொள்வார். அப்போது காட்டுக்காரர்களில் மிஞ்சியவர்கள் வடக்கே தாய்லாந்து எல்லைக்குப் போனார்கள். அதனால் இரண்டு அரசாங்கமும் பல வருஷம் முறைத்துக்கொண்டன. 1976இல் பெத்தோங் ஊர்க்காரர்கள் ஊர்வலம் போய், அங்கே இருந்த மலேசியப் போலீசையே திருப்பி அனுப்ப வைத்தார்கள். 1989 டிசம்பர் 2இல் ஹாட்யாயில் சமாதானக் கையெழுத்து ஆகிவிட்டது. போன வருஷம் கோயில் கமிட்டி பஸ்ஸில் நானும் பெத்தோங் போனேன். கம்யூனிஸ்டுகள் தோண்டிய பியாமித் சுரங்கத்துக்குள் குனிந்து போய், குனிந்தே படம் எடுத்துக்கொண்டு வந்தோம்.

இந்தோனேசியாவோடு ராசியாக அவ்வளவு காலம் பிடிக்கவில்லை. 1966 ஆகஸ்டில் உடன்பாடு, அடுத்த ஆகஸ்டில் பாங்காக்கில் ஆசியான். நேற்றுவரை ஒருவரையொருவர் நசுக்கப் பார்த்தவர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார்கள்.

தாத்தாவுக்கும் ஒரு கடுதாசி வந்தது, 1969இல். அவரிடம் இருந்தது சிவப்பு அடையாள அட்டை. குடியுரிமை இல்லாதவர் இனிமேல் வேலை செய்ய பெர்மிட் எடுக்க வேண்டும் என்று கிராணி படித்துக் காட்டினார். "எந்த நாட்டுக்காரனுக்கு?" என்று தாத்தா கேட்டார். கிராணி மறுபடியும் முதலிலிருந்து படித்தார். மறு வருஷம் தாத்தா ரஜுலா கப்பலேறி, சின்ன வயசில் விட்டுவந்த நாகப்பட்டினத்தில் போய் இறங்கினார். காண்டா கம்பை ஆத்தா துணி காயப்போட வைத்துக்கொண்டார்.

இப்போது அந்தத் தோட்டத்தில் கித்தா இல்லை, செம்பனை. லயமும் இல்லை. குலை வெட்டுவது இந்தோனேசியர்கள். அவர்கள் நோன்புப் பெருநாளுக்கு ஊருக்குப் போய் நாலு நாள் பிந்தினால் மேனேஜர் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறார். மலாக்காவிலிருந்து தூமாய்க்கு ஃபெர்ரி போகிறது. அவர்கள் வருவதற்கு ராத்திரியும் வேண்டாம், சதுப்பும் வேண்டாம்.

போன மாசம் செர்காம் பந்தாயில் மீன் சாப்பிடப் போயிருந்தோம். கரியில் பாரி மீனைப் புரட்டிக்கொண்டிருந்த பையனுக்கு இருபது வயது இருக்கும். எந்த ஊர் என்று கேட்டேன். பெங்காலிஸ் என்று கடலைக் காட்டினான். பிறகு மரியாதையாகக் கேட்டான், "பாக்சிக் இந்தியாவிலிருந்து எப்போது வந்தீர்கள்?"

மருமகளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நான் சம்பலை இன்னொரு கிண்ணம் கொண்டுவரச் சொன்னேன்.