மதிலுக்கு வெளியே

தீயணைப்பு வாளிக்கு அடி தட்டையாக இருக்காது. தரையில் வைத்தால் சாய்ந்துவிடும். கொக்கியில் மாட்டினால்தான் நிற்கும். குளிக்கவோ வாசல் தெளிக்கவோ யாரும் தூக்கிக்கொண்டு போகக்கூடாது என்றே அடியை உருண்டையாக்கினார்கள். ஒன்பது லிட்டர் கொள்ளும். வெளியே சிவப்பு, உள்ளே வெள்ளை, அடியில் கறுப்பு. 1984-இல் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் முழுக்க எனக்கு அந்த வாளிகளோடுதான் பொழுது போனது.

“கண்ணால பாக்காதடா தம்பி, கைய விட்டுப் பாரு” என்றார் எங்கள் லீடிங் ஹேண்ட். குடியாத்தம் பக்கத்துக்காரர். மேலாகப் பார்த்தால் எல்லா வாளியிலும் மணல் நிறைந்துதான் இருக்கும். கையை விட்டால்தான் சாரலில் நனைந்து இறுகிப்போயிருப்பது தெரியும். அப்படி இறுகிய மணலை வீசினால் பரவாது, கட்டி கட்டியாக விழும். சில வாளிகளில் பீடித்துண்டு வரும், வெற்றிலை எச்சில் ஒட்டும். கழுவிக்கொண்டு அடுத்த வாளிக்குப் போவோம். ரிஜிஸ்டரில் ‘சரி’ என்று எழுதும் முன் கை அழுக்காகியிருக்க வேண்டும். அவரிடம் நான் கற்ற தொழில் அதுதான்.

அது ராணுவத்தின் வெடிபொருள் கிடங்கு. எந்த ஊர் என்பது இங்கே முக்கியமில்லை. நான் ராணுவக்காரன் இல்லை. அங்கே எங்களுக்கு சிவிலியன் என்று பெயர். காக்கிச் சட்டை உண்டு, தோளில் நட்சத்திரம் கிடையாது. ஃபயர்மேனாகச் சேர்ந்து, பல வருஷம் கழித்து ஆய்வு வேலைக்கு வந்தபோது ஜவான்கள் ‘இன்ஸ்பெக்டர் சாப்’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

கிடங்கைச் சுற்றி உயர்ந்த மதில். அதற்குள் போகிற எவரும் கேட்டில் நின்று தீப்பெட்டி, பீடி, சிகரெட் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டும். அடியில் ஆணி அடித்த செருப்போடு கிடங்கு அறைக்குள் கால் வைக்க முடியாது. பெட்டி திறக்கும் கருவிகூட இரும்பாக இருக்காது. உரசினால் பொறி வராத பித்தளை, வெண்கல வகைதான். சித்திரை வெயிலுக்கு முன்பே அறைகளைச் சுற்றிப் புல்லை வெட்டி, மண் தெரியும்படி அகலமாகச் செதுக்கிவிடுவோம். எண்ணெய் துடைத்த காட்டன் வேஸ்டைக் குவித்து வைக்க விடமாட்டோம். ஆளிவிதை எண்ணெய் போன்றவை ஊறிய பஞ்சு, யாரும் பற்றவைக்காமலே உள்ளுக்குள் சூடேறித் தானாகத் தீப்பிடிக்கும். அதை மூடிபோட்ட தகர டப்பாவில் சேர்த்து அன்றன்றே வெளியேற்ற வேண்டும்.

ஒருநாள் புதிதாக வந்த கமாண்டன்டின் ஜீப் கேட்டில் நின்றது. புகைக்குழாயில் பொறி தடுக்கும் கருவி சரியாக மாட்டியிருந்தது. ஆனால் அவருடைய சட்டைப் பையில் லைட்டர். எனக்கு அப்போது இருபத்தேழு வயது. சல்யூட் அடித்துவிட்டுக் கையை நீட்டினேன். “லைட்டர், சாப்.” என்னை ஒரு பார்வை பார்த்தார். எடுத்துக் கொடுத்தார். மற்றவர்களுக்குக் கொடுக்கிற அதே தகர டோக்கனைத்தான் அவருக்கும் கொடுத்தேன். மறுநாளிலிருந்து லைட்டரை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தார். அதிகாரியும் கூலியாளும் ஒரே விதத்தில் பயந்த இடம் அது. அந்தப் பயம் இருந்ததால்தான் நட்சத்திரம் இல்லாத என் கைக்கும் மரியாதை இருந்தது.

அந்தப் பயத்துக்குக் காரணமும் இருந்தது. 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் ‘ஃபோர்ட் ஸ்டிகின்’ என்ற கப்பல் வெடித்துச் சிதறியது. தீயணைக்கப் போன 66 பேர் செத்தார்கள். நாடு முழுக்க ஏப்ரல் 14-ஐத் தீயணைப்புத் தியாகிகள் நாளாக அனுசரிப்பது அவர்களுக்காகத்தான். வருஷா வருஷம் அன்று காலையில் நாங்கள் வரிசையில் நின்று மௌனம் காப்போம். ஒரு வருஷம் கலைந்து போகும்போது லீடிங் ஹேண்ட் என்னிடம், “அந்தக் கப்பல்ல வெடிமருந்தும் இருந்துச்சு, பஞ்சு மூட்டையும் இருந்துச்சு. ரெண்டையும் ஒண்ணா ஏத்தினானே, அன்னிக்கே தீ புடிச்சிடுச்சுடா. ஏப்ரல் பதினாலு நமக்குத் தெரிஞ்ச நாளு, அவ்வளவுதான்” என்றார். தீ என்பது பற்றிக்கொள்கிற நிமிடத்தில் தொடங்குவதில்லை என்று எனக்கு உறைத்தது அன்றுதான்.

ஆனால் ஐந்து மணிக்குச் சைரன் ஊதியதும் டோக்கனைக் கொடுத்து தீப்பெட்டியை வாங்கிக்கொண்டு எல்லோரும் மதிலுக்கு வெளியே வருவோம். வெளியே கீற்றுக் கொட்டகையில் டீக்கடை. கீற்றுக்குக் கீழே பம்பு ஸ்டவ். அடுத்தாற்போல் கீற்று வேய்ந்த சினிமாக் கொட்டகை, கீற்று வேய்ந்த பள்ளிக்கூடம். காலையிலிருந்து ஒரு தீக்குச்சிக்காக ஆளைத் தடவிப் பார்த்த நான், அந்தக் கீற்றுக்கு அடியில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு பஸ் ஏறுவேன். என் எல்லை மதிலோடு முடிந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெளியே பார்க்க வேறு துறை இருக்கிறது, வேறு அதிகாரி இருக்கிறார்.

1997 ஜூன் 7 அன்று தஞ்சைப் பெரிய கோயிலில் குடமுழுக்குக்குப் போட்டிருந்த யாகசாலைக் கீற்றுப் பந்தல் எரிந்தது. நெரிசலில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆறே நாளில் தில்லியில் உபஹார் தியேட்டர், 59 பேர். அங்கே கீற்று இல்லை. கூடுதலாகப் போட்ட நாற்காலிகள் வழியை அடைத்திருந்தன, பெரும்பாலோரைக் கொன்றது புகை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநலம் குன்றியவர்களைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்த கொட்டகை எரிந்து 28 பேர் போனார்கள். அந்தச் சங்கிலியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது. ஒவ்வொரு முறையும் கிடங்கில் எங்களுக்கு வகுப்பு நடந்தது. காரணங்களைப் பலகையில் எழுதி, எங்கள் மதிலுக்குள் அப்படி ஏதும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இல்லை என்று அறிக்கை எழுதினோம்.

2002 ஆவணியில் திருச்சிப் பக்கம் உறவுக்காரப் பெண்ணின் கல்யாணம். மண்டபத்தின் மொட்டை மாடியில் கீற்றுப் பந்தல் போட்டுப் பந்தி வைத்திருந்தார்கள். வீடியோ லைட்டுக்கு இழுத்த ஒயரை ஒட்டுப்போட்டு, டேப் சுற்றாமல் கீற்றுக்குள் செருகியிருந்தார்கள். இறங்க ஒரே படிக்கட்டு. அதன் அடியில் ஆளுயரத்துக்குச் செருப்புக் குவியல், பக்கத்தில் இரண்டு காஸ் சிலிண்டர். எல்லாவற்றையும் பார்த்தேன். பார்க்காமல் இருக்க என் கண்ணால் முடியாது. பெண்ணின் அப்பா கையைக் கூப்பிக்கொண்டு வந்து, “சாப்பிட்டீங்களா அண்ணே, இன்னும் ரெண்டு இட்லி வைக்கச் சொல்லவா?” என்றார். நல்ல நாளில் அபசகுனமாகப் பேசுவானேன் என்று தோன்றியது. சாப்பிட்டுவிட்டு இறங்கி வந்துவிட்டேன். அன்று அங்கே ஒன்றும் நடக்கவில்லை. அந்தத் தம்பதிக்கு இப்போது இரண்டு பிள்ளைகள்.

2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் இன்னொரு மண்டபம். மாடியில் கீற்றுக் கொட்டகை, வீடியோ லைட்டுக்குப் போன ஒயர், குறுகிய வழி. மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். செய்தியைப் படித்தபோது ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் நான் சாப்பிட்ட அந்த இலை கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. வேறு ஊர், வேறு மண்டபம், வேறு மனிதர்கள். ஆனாலும் நான் பேசாமல் இறங்கி வந்த படிக்கட்டு அதுதான் என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது.

அதே வருஷம் ஜூலை 16, கும்பகோணம். மதிய உணவுச் சமையல் கூடத்திலிருந்து கிளம்பிய தீ, மாடி வகுப்பறைகளின் கீற்றுக் கூரைக்குப் போனது. 94 குழந்தைகள். எல்லாம் சின்ன வகுப்புப் பிள்ளைகள். என் மகள் அப்போது நாலாம் வகுப்பு. கிடங்குக் கேன்டீனில் டிவி முன்னால் அத்தனை பேர் நின்றோம், ஒருவரும் பேசவில்லை.

மறு திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு அளவு டேப்பை எடுத்துக்கொண்டு மகளின் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். தலைமையாசிரியை, “நீங்க எந்த டிபார்ட்மென்ட் சார்?” என்று கேட்டார். “நாலாம் வகுப்புப் பிள்ளையோட அப்பாம்மா” என்றேன். மதிலுக்கு வெளியே நான் செய்த முதல் ஆய்வு அது. படிக்கட்டை அளந்தேன். கதவுகள் எந்தப் பக்கம் திறக்கின்றன என்று பார்த்தேன். கூட்டம் முட்டும்போது உள்பக்கம் இழுக்கிற கதவைத் திறக்கவே முடியாது. பையன்கள் ஓடிப்போகிறார்கள் என்று பின்கேட்டுக்குப் பூட்டு போட்டிருந்தார்கள். சாவி எங்கே என்று கேட்டேன். வாட்ச்மேனிடம் என்றார்கள். வாட்ச்மேன் டீ குடிக்கப் போயிருந்தார். அவர் திரும்பி வரும்வரை அந்த அம்மா என்னோடு கேட்டுப் பக்கத்திலேயே நின்றிருந்தார். கொஞ்ச நேரத்தில் அவர் கண் கலங்கிவிட்டது. சாயங்காலமே பூட்டை எடுத்துவிட்டு உள்ளிருந்து குழந்தைகூடத் தள்ளித் திறக்கிற மாதிரி தாழ்ப்பாள் போட ஏற்பாடு செய்தார்.

அதற்குப் பிறகு அரசு ஆணை வந்து தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்களிலிருந்து கீற்று இறங்கியது. அந்தப் பிள்ளைகள் உயிரைக் கொடுத்து இறக்கிய கீற்று அது. கல்யாண மண்டபங்களிலும் மெல்ல மெல்ல மறைந்தது. ஆனால் என் கண்ணுக்கு அது முழுசாகப் போனதாகத் தெரியவில்லை. மேடையில் தெர்மக்கோல் அலங்காரமாக வந்தது, தலைக்கு மேலே ஃபால்ஸ் சீலிங்காக வந்தது, ஃபோம் அடைத்த சோபாவாகவும் கட்டடத்தின் முகத்தில் ஒட்டிய பளபளப்புப் பலகையாகவும் வந்தது. கீற்று எரிந்தால் மேலே வானம் தெரியும், புகை அப்படியே போய்விடும். இவை எரிந்தால் நச்சுப்புகை உள்ளேயே தங்கும். 2017 மே 31 அன்று தி. நகரில் ஏழு மாடித் துணிக்கடை எரிந்தபோது தீயை அணைக்க ஒரு நாளுக்கு மேல் ஆனதைச் சென்னையே பார்த்தது. அதிகாலையாக இருந்ததால் உயிர்கள் தப்பின. அதுவே தீபாவளிக்கு முந்தின சாயங்காலமாக இருந்திருந்தால் என்று அன்றிரவு முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

2016 மே 31 அன்று மகாராஷ்டிரத்தில் புல்காவ் வெடிபொருள் கிடங்கில் நடந்ததையும் சொல்ல வேண்டும். அங்கே தீயை அணைக்கப் போய் இறந்தவர்களில் பலர் எங்களைப் போன்ற தீயணைப்பு ஊழியர்கள். அவர்கள் ஒவ்வொருவரையும் எனக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன், பெயர் தெரியாவிட்டாலும்.

2019-இல் ஓய்வு பெற்றேன். வெடிமருந்துக்குப் பக்கத்தில் முப்பத்தைந்து வருஷம் நிம்மதியாக இருந்தவனுக்கு, அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்த முதல் வாரம் தூக்கம் வரவில்லை. என்னென்ன இல்லை அங்கே! மாடிக்கு மாடி புகை உணரும் கருவி, எந்த வீட்டில் புகை என்று எண்ணோடு காட்டும் பேனல், கூரையில் தண்ணீர் தெளிப்பான், இரண்டு மணி நேரம் தீயைத் தாங்கும் கதவு. மணல் வாளிக் காலத்து ஆளான எனக்கு அவற்றைப் பார்த்ததும் கண் நிறைந்துபோனது. பிறகு பழக்கதோஷத்தில் கையை விட்டுப் பார்த்தேன். ஹோஸ் பெட்டிக்குள் துடைப்பமும் மாப்பும் இருந்தன. பித்தளை நாசிலைக் காணோம். அடிக்கடி கத்துகிறது என்று பேனலின் வாயை அடைத்து வைத்திருந்தார்கள். தானாக மூடிக்கொண்டு படிக்கட்டுக்குள் புகை வராமல் காக்க வேண்டிய கதவைக் காற்று வரட்டும் என்று பூந்தொட்டி வைத்துத் திறந்து போட்டிருந்தார்கள். மொட்டை மாடிக் கதவில் பூட்டு. படிக்கட்டுக்கு அடியில் நாலைந்து மின்சார ஸ்கூட்டர்கள் இரவு முழுக்கச் சார்ஜில் நின்றன.

சங்கச் செயலாளர் நல்ல மனிதர். “விடுங்க சார், நீங்கதான் ரிட்டயர் ஆயிட்டீங்களே, ரெஸ்ட் எடுங்க” என்று அன்பாகத்தான் சொன்னார். கமாண்டன்டின் லைட்டரை வாங்கிய கைக்கு ஒரு பூந்தொட்டியை நகர்த்த ஒன்பது மாதம் ஆனது. வீடு வீடாகப் போய்ப் பேசினேன். 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டுக்குள் சார்ஜ் போட்டிருந்த ஸ்கூட்டர் எரிந்து, புகையில் மூச்சுத் திணறி ஒரு அப்பாவும் அவருடைய சின்ன மகளும் இறந்தார்கள். அந்தச் செய்தி வந்த மறுநாள் செயலாளரே என் வீட்டுக்கு வந்தார். சார்ஜ் போடும் இடத்தை மதில் ஓரமாகத் திறந்த வெளிக்கு மாற்றினோம். நாசில் வாங்கினோம். மொட்டை மாடிப் பூட்டு போனது. பூந்தொட்டியை மட்டும் இன்றைக்கும் யாராவது ஒருவர் திரும்பக் கொண்டுவந்து வைக்கிறார்கள். நானும் நகர்த்திக்கொண்டே இருக்கிறேன்.

போன ஏப்ரலில் தீத்தொண்டு வாரத்தையொட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை பேனலை ஒலிக்கவிட்டு எல்லோரையும் படி வழியாக இறங்கச் சொன்னோம். 64 வீட்டில் 11 வீட்டுக்காரர்கள் வந்தார்கள். ஏழாவது மாடியில் தனியாக இருக்கும் ஒரு பாட்டியம்மா கதவைத் திறந்துகொண்டு, “எந்தப் பக்கம் போகணும் தம்பி?” என்று கேட்டார். கையைப் பிடித்து அழைத்து வந்தேன். நாலாவது மாடியில் உட்கார்ந்தோம், இரண்டாவது மாடியில் இன்னொரு முறை. “ஆறு வருஷமா இங்க இருக்கேன், இப்படி ஒரு படி இருக்கறதே எனக்குத் தெரியாது” என்றார்.

கீழே வந்து நோட்டில் எழுதினேன்: ‘ஏழாம் மாடி, கிழக்கு வீடு. முழங்கால் வலி. தனியாள். கீழே வர 9 நிமிடம்.’ அதற்கு அடுத்த வரியில், ‘எதிர்வீட்டுப் பையனிடம் சொல்லி வைக்க வேண்டும்’ என்று எழுதி, அன்று மாலையே போய்ச் சொன்னேன். அவன் என்னோடு வந்து அந்த அம்மாவின் வீட்டுக் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று தள்ளிப் பார்த்தான்.