கிலோமீட்டர் மாமா

குரோம்பேட்டைக் கல்யாண வீடுகளில் இவரைச் சுலபமாக அடையாளம் காணலாம். "பையன் அமெரிக்காவில்" என்று யாராவது பெருமையாக ஆரம்பித்தால், என்ன வேலை, என்ன சம்பளம் என்றெல்லாம் கேட்க மாட்டார். "டில்லி வழியா, துபாய் வழியா?" என்பார். அவர்கள் பதில் சொல்வதற்குள் மொத்தப் பயண நேரத்தையும் இவரே சொல்லிவிடுவார்.

ஊருக்கு நாலு பேராவது இப்படி இருக்கிறார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றாயிற்று. பிள்ளையோ பெண்ணோ கடல் தாண்டிக் குடியிருக்கிறது. கைப்பேசியில் விமானங்களைப் பின்தொடரும் ஃபிளைட்ரேடார்24 செயலி இருக்கிறது. மகன் விமானம் ஏறிய இரவு வீட்டில் யாருக்கும் தூக்கம் கிடையாது. "என்னங்க, சாப்பிட்டிருப்பானா?" என்று கவலைப்படும் மனைவிக்கு, "முப்பத்தஞ்சாயிரம் அடியில இருக்கான்" என்று பதில் வரும்.

"விமானம் ஏன் வளைஞ்சு போகுது? நேராப் போகக் கூடாதா?" என்று இவரிடம் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் சாத்துக்குடியும் நூலும் வந்துவிடும். பேனாவால் டில்லிக்கு ஒரு புள்ளி, சான் பிரான்சிஸ்கோவுக்கு ஒரு புள்ளி. நூலை இறுக்கிப் பிடித்தால் அது வட துருவத்துப் பக்கமாக ஏறி இறங்கும். "இதுதாங்க நேர் வழி!" மை பட்ட சாத்துக்குடி ஜூஸுக்கு ஆகாது என்று உள்ளேயிருந்து குரல் கேட்கும்.

ஆனால் குறுக்கு வழியில் போனால்தான் சீக்கிரம் போகலாம் என்பதையும் அவரே உடைப்பார். 2016-இல் டில்லி–சான் பிரான்சிஸ்கோ விமானத்தை ஏர் இந்தியா கிழக்கே பசிபிக் பக்கம் திருப்பிவிட்டது. அட்லாண்டிக் வழியாகச் சுமார் 13,900 கிலோமீட்டர்; இதுவோ 15,300. இருந்தும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் மிச்சம். விமானம் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பாயும் ஜெட் ஸ்ட்ரீம் காற்று, எதிரே வந்து மறிக்காமல் முதுகில் கைவைத்துத் தள்ளுகிறது. 2020 பிப்ரவரியில் சியாரா புயல் சமயத்தில் ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் நியூயார்க்கிலிருந்து 4 மணி 56 நிமிடத்தில் லண்டன் போய்ச் சேர்ந்ததை அவர் பந்தியில் விவரிக்கும்போது, சாம்பார் வாளியோடு நிற்பவரும் கேட்டுத்தான் தீர வேண்டும்.

2022-இல் ஐரோப்பிய விமானங்களுக்கு ரஷ்ய வான்வெளி மூடப்பட்டதும், ஹெல்சிங்கி–டோக்கியோ பயணம் ஒன்பது மணியிலிருந்து பதிமூன்று மணியாக நீண்டது. ஹெல்சிங்கியில் இவருக்கு ஒருவரும் இல்லை. ஆனாலும் ஒரு வாரம் வருத்தமாகவே இருந்தார்.

இப்படிப்பட்டவர் தானே விமானம் ஏறினால் சொல்ல வேண்டுமா! எதிர்த் திரையில் நூறு படங்கள் இருக்கும். அவர் பார்ப்பதெல்லாம் வரைபடத்தில் நகரும் குட்டி விமானத்தைத்தான். "தரைவேகம் ஆயிரத்தைத் தாண்டிடுச்சு" என்று பக்கத்து இருக்கைக்காரரை எழுப்பிச் சொல்வார். கடைசியில் விமானம் இருபது நிமிடம் முன்னதாகவே இறங்கும். ஆனால் போய் நிற்க இடம் காலியில்லாமல் ஓடுதளத்தை ஒட்டி அரை மணி நேரம் காத்துக் கிடக்கும். அந்த அரை மணியை மட்டும் மாமா கணக்கில் சேர்ப்பதே இல்லை. "அது தரையிலங்க, பறக்கிற நேரத்துல வராது" என்பார், பெல்ட்டைக் கழற்றாமலே.