சோஃபாவும் நிலைவாசலும்: ஒரு முன்னோட்ட ஆய்வு

ஆடித் தள்ளுபடிக் காலத்தில் ஒரு குடும்பம் சோஃபா வாங்கப் புறப்படும் நிகழ்வே இவ்வாய்வின் களம். குடும்பம் என்பது இங்கு பணம் கட்டும் கணவன், முடிவெடுக்கும் மனைவி, நிறம் தேரும் மகள், செல்போனிலிருந்து நிமிராத மகன், "அது வாசல்ல நுழையுமா?" என்று கேட்கும் பாட்டி ஆகிய ஐவரைக் குறிக்கும். இறுதியில் சொல்லப்பட்டவரின் கேள்விக்குக் களத்தில் எவரும் பதிலளிப்பதில்லை.

உட்கார்ந்து பார்த்தல் இருவகைப்படும். விலை கேட்குமுன் நுனியில் அமர்தல். தள்ளுபடி தெரிந்தபின் முதுகு சாய்தல். குடும்பத் தலைவர் மட்டும் உட்காராமல், மெத்தையைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பார். உடனே கடைப்பையன், "நாப்பது டென்சிட்டி சார்" என்பார். தலைவர் தலையாட்டுவார். ஒரு கன மீட்டர் ஃபோமின் எடை 40 கிலோ என்பதே இதன் பொருள். ஃபோம் எத்தனை காலம் உழைக்கும் என்பதற்கு அது ஓர் அறிகுறி. மெத்தையின் கெட்டித்தன்மை வேறு கணக்கு. கட்டைவிரலுக்கு இந்த வேறுபாடு தெரியாது. அடுத்துச் சொல்லப்படும் 'மலேசியன் வுட்' பெரும்பாலும் ரப்பர் மரம். கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர் உடன் வந்திருந்தால், தன் ஊர்த் தோட்டத்து மரம் கப்பலேறாமலே வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றதை எண்ணி மகிழ்வார்.

எல்-ஷேப் சோஃபாவின் நீண்ட கை இடப்பக்கமா வலப்பக்கமா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எதிரே நின்று சொல்வதா, உட்கார்ந்து சொல்வதா என்று தெளிவாகும்போது டெலிவரி முடிந்திருக்கும்.

இனி மையச் சிக்கலுக்கு வருவோம். ஷோரூமின் கூரை உயரம், சுவர்கள் தொலைவு. அங்கே 7 அடி சோஃபா அடக்கமாகத் தெரியும். அதே பொருள் வீட்டு நடையின் திருப்பத்தில் கல்யாண மண்டபமாகிவிடும்.

பாட்டியின் கேள்வியை 1966-இல் லியோ மோசர் என்ற கணித அறிஞர் முறைப்படி எழுப்பினார்: ஓரலகு அகல நடையில் செங்கோணத் திருப்பத்தைக் கடக்கக்கூடிய மிகப் பெரிய சோஃபாவின் பரப்பு என்ன? 1992-இல் ஜோசப் கெர்வர் 18 வளைகோட்டுத் துண்டுகளால் ஆன ஒரு வடிவத்தைத் தந்தார். பார்வைக்கு அது பழைய தொலைபேசி ரிசீவர். பரப்பு சுமார் 2.2195. இதற்கு மேல் முடியாது என்று நிறுவும் கட்டுரையை ஜினியான் பெக் 2024-இல் வெளியிட்டார். அதாவது, கேள்வி பிறந்து 58 ஆண்டுகள்.

இதை நம் வீட்டில் பொருத்துவோம். 3 அடி அகல நடைக்கு இந்த வரம்பு ஏறத்தாழ 20 சதுர அடி. மூவர் அமரும் 7-க்கு 3 அடி சோஃபாவோ 21. தரையோடு தள்ளிக்கொண்டு போனால் இது திரும்பாது என்று கணிதம் தீர்ப்பளிக்கிறது. ஆனால் மோசரின் சோஃபாவுக்கு நீள அகலம் மட்டுமே உண்டு. அதைத் தூக்கவோ சாய்க்கவோ முடியாது. நம் லோடுமேன்கள் முப்பரிமாணத்தில் இயங்குபவர்கள். "நட்டுக்க நிறுத்து, காலைக் கழட்டு, கதவைக் கழட்டு" என்பதே அவர்களது தேற்றம். நிரூபணத்தின் போது சுவரில் பெயிண்ட் உரியும். அதற்குக் கடை பொறுப்பல்ல என்று பில்லின் பின்புறம் சிறிய எழுத்தில் இருக்கும்.

வாசகர்களே, கிளம்புமுன் நிலைவாசலின் அகலம், மாடிப்படித் திருப்பம், லிஃப்டின் உள்ளுயரம் மூன்றையும் டேப்பால் அளந்து சீட்டில் குறித்துக்கொள்ளுங்கள். கடையில் முதலில் கால்கள் கழலுமா என்று கேளுங்கள். நிறம் பிறகு.