நான்காவது மாங்கனி

மனைவியைத் துறந்து கப்பலேறிப் போய், வேற்றூரில் இன்னொருத்தியை மணந்துகொண்ட ஒரு கணவருக்கு ஆண்டு தவறாமல் மேளதாளத்துடன் மாப்பிள்ளை அழைப்பு நடத்தும் ஊர், இப்பூவுலகில் எங்கள் காரைக்கால் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். ஆனி மாதத்துப் பௌர்ணமியை ஒட்டி வரும் மாங்கனித் திருவிழாவில், முதலில் பரமதத்தச் செட்டியார் மாப்பிள்ளைக் கோலத்தில் பவனி வருகிறார்; மறுநாள் அவருக்கும், பின்னாளில் காரைக்கால் அம்மையார் ஆன புனிதவதியாருக்கும் திருக்கல்யாணம்; அதன்பின் பிச்சாண்டவர் வீதியில் எழுந்தருள, மாடிகளிலிருந்து மாங்கனிகள் மழையாகப் பொழிகின்றன. மாப்பிள்ளையின் பிற்கால நடத்தை ஊரறிந்த விஷயமாயிற்றே என்று ஒருவரும் முகஞ்சுளிப்பதில்லை. கல்யாணச் சந்தடியில் அதையெல்லாம் பேசுவது மரியாதை அன்று என்பது எங்கள் ஊராரின் அபிப்பிராயம் போலும்.

இத்திருவிழாச் சமயத்தில் மாங்கனிகளோடு சொற்பொழிவுகளும் பொழிவதுண்டு. முன்னதிலிருந்து தலையைக் காத்துக்கொள்ளக் குடை இருக்கிறது. பின்னதற்கு இன்னும் ஒன்றும் கண்டுபிடிக்கப்படவில்லை. அண்மையில் நான் போய் அகப்பட்டுக்கொண்ட ஒரு சபையில், அம்மையார் கதையின் உட்பொருள் என்ன என்பதே அன்றைய விசாரம். முதலில் பேசிய சித்தாந்தப் புலவர், மாங்கனியின் தோல் ஆணவம் என்றும், சதை கன்மம் என்றும், கொட்டை மாயை என்றும் ஐயந்திரிபற நிரூபித்தார். நாருக்குக் கொடுக்க நான்காவதாக ஒரு மலம் இல்லாமற் போயிற்றே என்ற வருத்தம் மட்டும் அவர் குரலில் சற்றே தொனித்தது. அடுத்து எழுந்த இளம் விரிவுரையாளர், கனி என்பது வணிக மூலதனத்தின் குறியீடு என்றும், பசியோடு வந்த அடியவர் உழைக்கும் வர்க்கத்தின் பிரதிநிதி என்றும் முழங்கினார். மூன்றாமவர் மனோதத்துவம் பயின்றவர். அவர் சொன்னவற்றைப் பெண்கள் பகுதியில் அமர்ந்திருந்த என் அத்தை கேட்டிருக்கலாகாது என்பதே என் கவலையாக இருந்தது. தலைவரோ, தலைவர்களுக்கே உரிய சமரச புத்தியுடன், மூன்றும் சரியே என்று முடித்துச் சுண்டலுக்கு அனுமதி அளித்தார்.

மூவரும் ஒருமனதாக ஒப்புக்கொண்டது ஒன்றே ஒன்று: கனிகள் இரண்டு, அவை இகமும் பரமும். நான் சபைக்கு அடங்கியவன் ஆதலால் அப்போது வாய் திறக்கவில்லை. ஆனால் பன்னிரண்டாம் நூற்றாண்டில் இக்கதையைப் பெரியபுராணத்தில் விரித்துரைத்த சேக்கிழாரின் கணக்குப்படி கனிகள் நான்கு. கடைக்கு வந்தவர்கள் கொடுத்ததாகப் பரமதத்தன் வீட்டுக்கு அனுப்பியவை இரண்டு. அவற்றுள் ஒன்று அடியவருக்குப் போயிற்று, மற்றொன்று அவனுக்கே பரிமாறப்பட்டது. அதன் ருசியில் மயங்கி அவன் இன்னொன்று கேட்க, உள்ளே சென்று திகைத்து நின்ற அம்மையாரின் கையில் இறையருளால் வந்தது மூன்றாவது. அது வந்த வகையை அவன் வினவ, கணவனிடம் மறைப்பது முறையன்று என்று அவர் உண்மையைச் சொல்ல, அப்படியானால் இன்னும் ஒன்று வருவித்துக் காட்டு என்று அவன் சோதித்தபோது வந்தது நான்காவது. அவன் கையில் வைத்தவுடனே அது மறைந்துவிட்டது. ஒருவரும் உண்ணாத அந்த நான்காவது கனியின் உட்பொருளைச் சொல்ல அன்றைய மேடையில் ஒருவரும் துணியவில்லை. சொல்லப்போனால் அப்படி ஒரு கனி இருப்பதையே அவர்கள் அறிந்ததாகத் தெரியவில்லை.

இன்னொரு சங்கதியும் விடுபட்டுப் போயிற்று. அடியவர் பசியோடு வந்த வேளையில் சோறு ஆகிவிட்டது, கறி ஆகவில்லை என்கிறார் சேக்கிழார். கறி ஆகியிருந்தால் கனிக்கு வேலையே இல்லை, கதையும் இல்லை, எங்கள் ஊருக்குத் திருவிழாவும் இல்லை. விருந்தாளி வாசலில் நிற்க, அடுப்பில் கறி வேகாமல் இருக்கும் அந்தச் சங்கடத்தை அறியாத இல்லத்தரசி எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. முதலமைச்சராயிருந்த சேக்கிழார் சமையலறைக்குள் எட்டிப்பார்த்து இதை எழுதியிருக்கிறாரே என்று வியக்க வேண்டிய இடத்தில், நம்மவர்கள் வேகாத கறியைத் தாண்டி நேரே வேதாந்தத்துக்குப் போய்விடுகிறார்கள்.

பாத்திரங்களை ஆராயப் புகுந்தால் நான் பரமதத்தன் கட்சி. அவன் நாகப்பட்டினத்து நிதிபதியின் மகன். ஒரே மகளைப் பிரிய மனமில்லாத தனதத்தன், மருமகனைக் காரைக்காலிலேயே நிறுத்தி, தம் மனைக்கு அருகில் மனை அமைத்துக் கொடுத்தார். அடுத்த வீட்டில் மாமனார், சொந்த வீட்டில் தெய்வம். கப்பலைத் தவிர அந்த மனிதனுக்குப் போக்கிடம் ஏது? பாண்டி நாட்டுத் துறைமுக நகரில் மறுமணம் செய்துகொண்டு, பிறந்த பெண் குழந்தைக்குப் புனிதவதி என்றே பெயரிட்டதையும், உறவினர் அம்மையாரைச் சிவிகையில் அழைத்துக்கொண்டு வந்தபோது மனைவி மகளோடு வந்து அவர் அடியில் விழுந்ததையும் எண்ணிப் பார்த்தால், அவனைக் கயவன் என்று தள்ள எனக்கு மனம் வருவதில்லை.

அவன் விமர்சகர்களுக்கு முன்னோடியும் ஆவான். இரண்டு கனிகளையும் உண்டு பார்த்து, பின்னதன் சுவை இவ்வுலகத்துச் சுவை அன்று என்று நாவினாலேயே துணிந்தான். சுவையில் கண்ட வேற்றுமையைக் கொண்டு வந்த இடம் வேறு என்று ஊகிப்பது, ஏட்டில் கண்ட பாடபேதத்தைக் கொண்டு மூலப் பிரதி வேறு என்று பதிப்பாசிரியர் தெளிவதற்குச் சற்றும் குறைந்த வித்தை அன்று. பிறகுதான் அவன் ஆதாரம் கேட்டான். இன்றைய நம் ஆராய்ச்சியாளரோ உண்ணும் காரியத்தை ஒத்திவைத்துவிட்டு, ஆதாரம் கேட்பதிலிருந்தே ஆரம்பிக்கிறார்கள். ஆகையால் அவர்கள் கைக்கு எப்போதும் நான்காவது கனியே வந்து சேர்கிறது.

வேடிக்கை என்னவென்றால், கதைக்கு உரியவரான அம்மையாரே மாங்கனியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அற்புதத் திருவந்தாதி 101, திருவிரட்டை மணிமாலை 20, திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் இரண்டிலும் 22, ஆக 143 பாடல்களைச் சல்லடையிட்டுச் சலித்தாலும் கனிக் கதையும் அகப்படாது, கணவன் கதையும் அகப்படாது. 1956-இல் புதுச்சேரியிலிருந்த பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இப்பாடல்களைப் பிரெஞ்சு மொழிபெயர்ப்புடன் பதிப்பித்தது; அந்த மொழியில் தேடினாலும் இதே கதிதான். அம்மையார் பாடியது சுடுகாட்டை: அங்குள்ள கள்ளிச்செடியை, நரியை, பேய்களை, அவற்றினிடையே ஆடும் பெருமானை. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலும், கான்சாஸ் சிட்டியிலுள்ள நெல்சன்-அட்கின்ஸ் அருங்காட்சியகத்திலும் இருக்கும் சோழர் காலச் செப்புத் திருமேனிகளிலும் அவர் எலும்பும் தோலுமாக அமர்ந்து கையில் தாளமே ஏந்தியிருக்கிறார்.

சபைகளில் பேச ஒப்புக்கொண்டிருக்கும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். சேக்கிழாரின் காரைக்கால் அம்மையார் புராணம் எழுபது பாடல்களைத் தாண்டாது. மாப்பிள்ளை அழைப்பன்று பிற்பகலில் எடுத்து உட்கார்ந்தால், ஊர்வலம் புறப்படுவதற்குள் படித்து முடித்துவிடலாம்.