தரைச்சூட்டின் திணை: ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

இலண்டனில் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில், சமையலறைக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவிலுள்ள சுவரை இடித்து ஒரே கூடமாக்கி, தரைக்கு அடியில் வெந்நீர்க் குழாய் ஓட்டுவது இன்று பலரும் செய்யும் காரியம். இது ஐந்திணையுள் எதன்பாற்படும் என்று எவரும் ஆராயக் காணோம். அக்குறையை இக்கட்டுரை போக்குகிறது. களம்: ஆய்வாளரின் வீடு. தரவு: செருப்பை வாசலிலேயே கழற்றிவிடும் மூவரின் ஆறு வெறுங்கால்கள்.

2. முன்னோர் முயற்சிகள்

உரோமர் தரையைச் செங்கல் தூண்கள்மேல் நிறுத்தி, அடியில் உலையின் அனல்காற்றை ஓடவிட்டனர். சசெக்ஸில் உள்ள ஃபிஷ்போர்ன் அரண்மனையில் அதன் எச்சத்தை இன்றும் பார்க்கலாம். கொரியர் அடுப்புப் புகையையே அடுத்த அறையின் தரைக்கடியில் செலுத்தி, அதை ‘ஒண்டோல்’ என்றனர். தமிழரின் தரை ஆராய்ச்சி நேர் எதிரானது: சித்திரை வெயிலில் சிவப்புச் சிமெண்டுத் தரையில் முதுகு படக் கிடந்து, அந்த இடம் சூடானதும் பக்கத்து இடத்துக்கு உருள்வது.

3. பிறர் கொள்கையும் மறுப்பும்

இரண்டு அறைகள் கூடுவதால் இது குறிஞ்சி என்பார் உளர். அந்தக் கூடல் சுவர் இருந்த இடத்தில் இரும்பு உத்திரம் ஏறியதோடு முடிந்தது. அடுப்பைப் பிரிந்து, முன்னறையில் மைக்ரோவேவை வைத்துச் சோறு பொங்கிய காலத்தைப் பாலை எனலாம். ஓடு பதிப்பதா, ஓக் பலகை பதிப்பதா என்று கணவனும் மனைவியும் பேசாதிருந்த ஒன்பது நாள் மருதம். செலவு மதிப்பீட்டுத் தாள் வந்த மாலை நெய்தல். இவை யாவும் திணைமயக்கமே, திணை முல்லை.

4. முதற்பொருள்

முல்லைக்கு நிலம் காடு. ஊடலில் ஓக் பலகை வென்றதால் நிலம் உறுதியாயிற்று. பெரும்பொழுது கார், இலண்டனில் அதற்கு மாதக் கணக்கு கிடையாது. சிறுபொழுது மாலை, டிசம்பரில் அது நாலு மணிக்கு முன்பே வந்துவிடுகிறது.

5. கருப்பொருள்

16 மி.மீ. குழாய், 15 செ.மீ. இடைவெளியில் ஜாங்கிரி பிழிந்தாற்போல் வளைந்து வளைந்து ஓடும். சுவர் ரேடியேட்டருக்கு வழக்கமாக 60 டிகிரிக்கு மேல் தண்ணீர் வேண்டும். தரைக்கு 35 முதல் 45 போதும். அலமாரிக்கும் ஃபிரிட்ஜுக்கும் அடியில் குழாய் போகக் கூடாது. ஆகவே எந்தச் சாமான் எங்கே நிற்கும் என்பதை, அதை வாங்குமுன்பே ஆயுளுக்கும் முடிவு செய்தாக வேண்டும்.

பிளம்பர் வரைபடத்தை விரித்தபோது, தஞ்சாவூரிலிருந்து வந்திருந்த அம்மா பின்கதவு ஓரத்தில் விரலை வைத்தார்.

“இந்த மூலைய மட்டும் காலியா விடச் சொல்லுப்பா. அடியில குழாய் கட்டாயம் ஓடணும்.”

“எதுக்கும்மா?”

“ஓடட்டும், சொல்றேன்.”

தகவலாளர் கூற்று பதிவு செய்யப்பட்டது. பொருள் விளங்கவில்லை.

6. உரிப்பொருள்

முல்லையின் உரிப்பொருள் இருத்தல், அதாவது காத்திருத்தல். குழாய்களை மூடி 75 மி.மீ. கனத்துக்குச் சிமெண்டுக் கலவை போட்டார்கள். அது முதல் 50 மி.மீ. வரை நாளுக்கு 1 மி.மீ. வீதம் காயும், அதற்கு மேல் இன்னும் மெதுவாக. 21 நாளுக்குள் சூடேற்றினால் வெடிக்கும். ஈரத்தோடு பலகை பதித்தால் பலகை உப்பும். ஆய்வாளர் தினமும் மாலையில் போய்த் தரையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார். தலைவிக்கு வளை கழலும் என்பது மரபு; இங்கு மெலிந்தது வங்கிக் கணக்கு.

7. முடிவு

சூடு போட்ட முதல் இரவு, பலகையைக் காக்க 27 டிகிரிக்கு மேல் போகாதபடி வைத்தோம். அம்மா அரைத்த மாவைப் பானையோடு அந்த மூலையில் வைத்து மூடினார். ஏழு குளிர்காலமாக இந்த வீட்டில் மாவு புளித்ததில்லை. ஓவனுக்குள் விளக்கைப் போட்டு வைத்தும் பார்த்தாயிற்று. காலையில் மூடி அரை விரல் உயர்ந்து சாய்ந்திருந்தது. பானை விளிம்பிலிருந்து இறங்கிய மாவு, ஓக் பலகைமேல் வெள்ளைக் கோடு இழுத்திருந்தது. பலகைக்காக ஒன்பது நாள் பேசாதிருந்தவள் ஒன்றும் சொல்லாமல் துணியை எடுத்து வந்து துடைத்தாள்.

முல்லையில் காத்திருந்தவள் கடைசியில் தலைவனின் தேரொலி கேட்பாள். இங்கே கேட்டது, தோசைக்கல்லில் ‘சொய்ங்’.