அங்க ஒண்ணுமில்ல சார்

புதுக்கோட்டைச் சீமையில் பழைய கோயில் தேடிப் போகிறவர்கள் டீக்கடையில் விசாரிப்பது நல்லது. "அங்க ஒண்ணுமில்ல சார், நாலு கல்லு கெடக்கும்" என்று பதில் வந்தால் தைரியமாக அந்தப் பக்கம் வண்டியைத் திருப்பலாம். அந்த நாலு கல்லுக்கும் ஆயிரம் வயதுக்குக் குறையாது. "சூப்பரா இருக்கும், பிள்ளைகளக் கூட்டிட்டுப் போங்க" என்றால் அது பூங்கா. ஓவியமும் பூங்காவும் ஒருசேர வைத்திருக்கும் சித்தன்னவாசல் மட்டும் இந்த விதிக்கு விலக்கு.

ஒண்ணுமில்லை என்று திருப்தியாக உறுதிசெய்துகொண்டு நார்த்தாமலைக்குப் போனோம். மச்சான் வண்டி ஓட்ட, பின்னால் என் தங்கை, புளியோதரையுடன். கைபேசியில் வழி சொன்ன பெண்குரல் எங்களைத் தைலமரக் காட்டுக்குள் இறக்கி, ஒரு கண்மாய்க் கரையில் 'வந்து சேர்ந்துவிட்டீர்கள்' என்று வாழ்த்திவிட்டு ஓய்ந்தது.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அப்பத்தாவிடம் மச்சான், "விசயாலய சோழீச்சரம் எங்கே?" என்று கணீரென்று கேட்டார். ஆடுகள்கூட மேய்வதை நிறுத்தின.

"மலை மேல பழைய கோயிலு, ஆத்தா" என்றேன்.

"அதுவா? அங்க ஒண்ணுமில்லையேப்பா!"

எங்களுக்குப் புல்லரித்துவிட்டது.

உச்சிவெயிலில் மொட்டைப் பாறையில் ஏறினோம். முதலில் வரவேற்றது நீலப் பலகை. எதையாவது சேதப்படுத்தினால் 2 வருடச் சிறை, 1 லட்சம் ரூபாய் அபராதம் என்று விவரமாகச் சொன்னது. சேதப்படுத்தாமல் பார்க்க வந்தவனுக்கு அதில் பெரிதாகச் செய்தி இல்லை.

கோயில் 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. வெளியே சதுரம், உள்ளே கருவறை வட்டம். முதலில் இதைக் கட்டியவர் சாத்தன் பூதி என்ற சிற்றரசர். மழையில் சிதைந்ததை மல்லன் விடுமன் என்பவர் புதுப்பித்தார். இருவர் பெயரையும் அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது. ஆனால் கோயில் வழங்குவது விசயாலய சோழன் பெயரில். அரசுக் கட்டடத் திறப்புவிழா பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

எதிர்க் குடைவரைக்குச் சமணர் குடகு என்று பெயர். உள்ளே நுழைந்தால் 12 திருமால்கள், ரேஷன் கடை வரிசைபோல, சுவரோரமாக நிற்கிறார்கள். மச்சான் இரண்டு தரம் எண்ணினார். பக்கத்துக் குடைவரையில் சிவன். மூன்று மதத்துக்கும் ஒரே பாறை போதுமானதாக இருந்திருக்கிறது. புளியோதரை சாப்பிட நிழல்தான் எங்கள் மூன்று பேருக்குப் போதவில்லை.

திரும்பும் வழியில் கொடும்பாளூர். மூவர் கோயிலைப் பற்றி டீக்கடைக்காரர், "மூணு இல்ல சார், ரெண்டுதான் நிக்குது" என்று முன்கூட்டியே எச்சரித்தார். பூதி விக்கிரமகேசரி என்ற வேளிர் தலைவர் 10-ஆம் நூற்றாண்டில் தன் பெயரிலும், கற்றளி, வரகுணை என்ற இரு மனைவியர் பெயரிலும் எழுப்பியவை. மூன்றாவதில் மிஞ்சியது அடித்தளம் மட்டும்.

"விழுந்தது யாரோடதா இருக்கும்?" என்று மச்சான் ஆராய்ச்சியில் இறங்கினார்.

"ரெண்டாவதாக் கட்டுனதாத்தான் இருக்கும்" என்றாள் தங்கை.