வெறுஞ்சுவர் வீட்டுக்காரர்

மாநகரத்து அடுக்குமாடிக் குடியிருப்புகளில் அண்மைக்காலமாகப் பெருகிவரும் மாந்தர் வகைகளுள் தனி ஆய்வுக்கு உரியவர், வீட்டில் பொருள் குறையக் குறைய உள்ளத்தில் அமைதி கூடும் என்று நம்பி, அந்த அமைதிக்காக வங்கியில் கடன் வாங்கியவர். சென்னையில் பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டி இவர் மிகுதியாகக் காணப்படுகிறார். மினிமலிசம் எனப்படும் இவரது கொள்கை, இன்றியமையாதவற்றை மட்டும் வைத்துக்கொண்டு ஏனையவற்றை விலக்கும் வாழ்முறையைக் குறிக்கும்; எது இன்றியமையாதது என்பதை வீட்டுக்காரரே தீர்மானிக்க வேண்டும் என்பது கொள்கையாயினும், நடைமுறையில் அதைத் தீர்மானிப்பவர் இன்டீரியர் டிசைனர் எனப்படும் உள்ளலங்கார வல்லுநர்.

கொள்கையின் முன்னோடிகளைப் பற்றி இவர் விருந்தினரிடம் விரிவாகப் பேசுவார் எனினும், அப்பேச்சில் இடம்பெறாத செய்திகள் சில உண்டு. அலங்காரத்தைக் குற்றத்தோடு சேர்த்து எழுதிய வியன்னாக் கட்டடக் கலைஞர் அடால்ஃப் லூஸ், 1903இல் தம் மனைவிக்கு அமைத்துக் கொடுத்த படுக்கையறையில் வெள்ளை அங்கோரா மயிர்விரிப்பைக் கட்டிலிலிருந்து தரை வரை வழியவிட்டிருந்தார். மனத்துக்கு மகிழ்ச்சி தராத பொருளை வெளியேற்றச் சொல்லி 2011இல் நூல் எழுதிய ஜப்பானின் மாரி கோண்டோ, மூன்றாவது குழந்தைக்குப் பிறகு வீட்டை ஒழுங்காக வைத்துக்கொள்வதை ஏறக்குறையக் கைவிட்டுவிட்டதாக 2023இல் சொல்லிவிட்டார். முன்னோடிகளே இவ்வாறு தளர்ந்துபோன கொள்கையைத் தளரவிடாமல் தாங்கி நிற்கும் பொறுப்பு, சென்னைத் துரைப்பாக்கத்து மூன்று படுக்கையறை வீடு ஒன்றின்மேல் வந்து விழுந்திருக்கிறது.

வீட்டை வெறுமையாக்கும் முதற்கட்டம் விரைவில் முடிந்துவிடும். நாள்தோறும் கிழிக்கும் காலண்டர், அது தொங்கிய ஆணி, ஷோகேஸ், அதனுள் கழுத்தில் பழைய ரப்பர் பேண்டோடு நின்ற தலையாட்டி பொம்மை, விருந்தாளிக்கென்று ஆண்டுக்கணக்கில் எடுக்கப்படாத பீங்கான் கோப்பைகள், குடும்பப் புகைப்படங்கள் ஆகிய யாவும் ஊரிலுள்ள அண்ணன் வீட்டுப் பரணுக்கோ, அங்கு இடமில்லையெனில் பழைய சாமான் கடைக்கோ சென்று சேரும். எஞ்சுவன நான்கு வெள்ளைச் சுவர்களும், உட்கார்ந்தவர் பிறர் உதவியின்றி எழ இயலாத அளவுக்குத் தாழ்ந்த சோபா ஒன்றும். ஒலியை உறிஞ்சத் திரைச்சீலையோ பாயோ இல்லாத கூடத்தில் குக்கர் விசில் எதிரொலித்து இருமுறை கேட்பதால், பருப்பு எத்தனை விசிலில் வெந்தது என்ற ஐயம் அவ்வீட்டில் நிலையாக இருந்துவரும். குடிபுகுந்து ஆறு மாதம் கழித்து வருகின்ற உறவினர், கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “சாமானெல்லாம் எப்ப வருது தம்பி?” என்று பரிவோடு கேட்பதுதான் இரண்டாம் கட்டத்துக்குக் காரணமாகிறது.

அவ்விரண்டாம் கட்டத்தின் நோக்கம், வல்லுநர் மொழியில், வீட்டை ‘வார்ம்’ ஆக்குவது. அதாவது, வெறுமையைக் கெடுக்காமலேயே, இங்கே மனிதர் வாழ்கின்றனர் என்ற தோற்றத்தை அதில் உண்டாக்குவது. குளிர்நாடுகளில் தோன்றிய இவ்வேட்கையை, மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், ஏசியை 22இல் வைத்துக்கொண்டு நிறைவேற்ற வேண்டியிருப்பது இத்துறையின் சிறப்பு. முதலில் விளக்குகள் மாற்றப்படும். ஒளியின் நிறம் கெல்வின் என்னும் அலகால் குறிக்கப்படுகிறது. தமிழ் வீடுகள் தலைமுறையாகப் பழகிய டியூப்லைட்டின் நீலவெண்மை 6500 கெல்வினை ஒட்டியது, ‘வார்ம்’ எனத் தேறும் மஞ்சள் ஒளியோ 2700 கெல்வின். இம்மஞ்சளில் மனிதர் யாவரும் அழகாகத் தெரிவர் என்பது உண்மையே. ஆனால் முளைக்கீரையின் பழுத்த இலையும் பச்சை இலையும் ஒரே நிறமாகத் தோன்றுவதால், வீட்டுக்காரரின் தாயார் கீரைக்கட்டைத் தூக்கிக்கொண்டு லிஃப்ட் வாசலுக்குச் சென்று, குடியிருப்போர் சங்கம் பொருத்திய வெள்ளை விளக்கின் கீழ் அமர்ந்து ஆய்ந்து வருவார்.

விளக்குக்குப் பின் பொருள்கள். வீட்டில் வைக்கும் ஒவ்வொரு பொருளும் ஒரு கதையைச் சொல்ல வேண்டும் என்பது விதியாதலால், கதை கிடைக்கும் இடமான காரைக்குடிக்கு வீட்டுக்காரர் பயணப்படுகிறார். பர்மாவிலும் மலேயாவிலும் பொருளீட்டிய நகரத்தார் என்னும் வணிகச் சமூகத்தினர் கட்டிய பெருவீடுகள், இரண்டாம் உலகப் போரோடு பர்மாத் தொழில் குலைந்தபின் மெல்ல மெல்ல ஆளற்றுப்போயின. பங்கு பிரித்த வாரிசுகள் விற்ற தேக்குத் தூண்களும், ஸ்வீடன் நாட்டு எனாமல் பாத்திரங்களும், மரக்கால்களும், ரவிவர்மா அச்சுப் படங்களும் முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் கூரை முட்டக் குவிந்திருக்கின்றன. தம் தாயின் பித்தளை உருளியை எடைக்குப் போட்டவர், வேறொருவர் தாயின் உருளியை இங்கு எண்ணிக்கைக்கு வாங்குகிறார். விளிம்பில் புள்ளிபுள்ளியாகப் பொறித்த எழுத்துகளே அதன் விலையை உயர்த்துகின்றன; முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்து நகரத்தார் வழங்கும் அவ்வடையாளத்துக்கு விலாசம் என்று பெயர். சீர்வரிசைப் பாத்திரம் பங்காளி வீட்டுக்குப் போனாலும் தவறாமல் திரும்பி வரவேண்டும் என்பதற்காக வெட்டிய விலாசம், துரைப்பாக்கத்தில் கார் சாவி போடும் பாத்திரத்துக்குத் தொன்மைச் சான்றாகிறது.

இக்கொள்முதலின் உச்சம் புகைப்படமே. கறுப்பு வெள்ளைப் படத்தின்மேல் கையால் வண்ணம் தீட்டப்பட்டு, நகைகள் மட்டும் பளிச்சென மஞ்சளாய் ஒளிர, தேக்குச் சட்டத்துக்குள் நாற்காலியில் அமர்ந்திருக்கும் ஒரு முதிய தம்பதி, கூடத்தின் வெள்ளைச் சுவரில் தனியாக மாட்டப்படுவர். சொந்தத் தாத்தாவின் படத்துக்கு அவ்விடம் கிடைக்காமைக்குக் காரணம், அவர் ரேஷன் கார்டுக்காக எடுத்துக்கொண்ட படம் ஒன்றே எஞ்சியிருப்பதும், அதில் அவர் கோபமாக இருப்பதும்தான்.

ஊரிலிருந்து திரும்பிவரும் தாயார், “யாருடா இவங்க?” என்று கேட்பார். தெரியாது, அழகுக்காக மாட்டியது என்ற விடை அவருக்கு விடையாகவே படுவதில்லை. “பெரியவங்களைச் சுவத்துல ஏத்திட்டு, அமாவாசைக்குப் பட்டினி போடுவாங்களா?” என்று அவர் கேட்கும்போது கொள்கை நூல்கள் எவையும் துணைக்கு வருவதில்லை. அடுத்த அமாவாசையன்று கண்ணாடியின் நான்கு மூலைகளிலும் சந்தனமும் குங்குமமும் ஏறும். தரையில் வாழையிலை விரித்து வடை, பாயசத்தோடு படையல் போடப்படும். அதில் ஒரு பிடி, பால்கனிக் கம்பியில் காக்கைக்கு வைக்கப்படும். மஞ்சள் செவ்வந்தி மாலை சுவரின் நிறத்தோடு இசையவில்லை என்று வல்லுநர் வாட்ஸாப்பில் வருந்துவார். வெள்ளைச் சம்பங்கி என்றால் ஆட்சேபமில்லை என்று இரு தரப்பும் உடன்படுவதற்குள் பாயசம் ஆறிப்போயிருக்கும்.

ஆயினும் தாயாருக்கு ஒரு குறை தங்கிவிடும். அமாவாசை எல்லார்க்கும் பொது. இறந்த நாளின் திதி, அதாவது சந்திரமானக் கணக்குப்படி அந்நாளின் பிறை எண், அவரவர்க்கு உரியது. அதை அறியாமல் ஆண்டுதோறும் எப்படித் திதி கொடுப்பது என்று அவர் நச்சரிக்கவே, வீட்டுக்காரர் காரைக்குடிக் கடைக்குத் தொலைபேசியில் பேசி, அந்தப் பெரியவர்களின் பெயரும் திதியும் தெரியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்பார். கடைக்காரர் சற்று யோசித்துவிட்டு, பெயரெல்லாம் தெரியாது என்றும், ஆனால் அதே அளவில், அதே சட்டத்தில் இன்னொரு ஜோடி நேற்றுத்தான் வந்திறங்கியிருப்பதாகவும், வேண்டுமானால் பார்சலில் போட்டுவிடுவதாகவும் சொல்வார்.